வெளிவேலை சரி, வேலைக்குப் போகிற வான்?



"கொவிட் முடிஞ்சு போச்சு, இன்னும் ஏன் டொக்டர் அந்தக் கதை?" என்று என்னிடம் வருபவர்கள் சிலர் கேட்பதுண்டு. கொவிட்-19 உலகளாவிய அவசரநிலை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 ஆம் திகதி அறிவித்தது உண்மைதான். எமது வீடுகளில் முகக்கவசப் பெட்டிகளும் லாச்சிக்குள் போய்விட்டன. ஆனாலும் இம்முறை இந்தப் பக்கத்தில் அந்தக் காலத்தைப் பற்றியே எழுதுகிறேன். அப்போது ஒரு நோயாளிக்கு நான் சொன்ன பதில் ஒன்று இன்னும் என் மனதை அரித்துக்கொண்டு இருக்கிறது. அந்தப் பதில் பிழை என்று சொல்ல முடியாது. ஆனால் அது அரைவாசிப் பதில்.

நான்கு நிமிட அழைப்பு

ஒன்ராறியோவில் 2020 மார்ச் 17 ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. ஒரு கிழமைக்குள் அத்தியாவசியம் அல்லாத வேலைத்தலங்கள் மூடப்பட்டன. ஏறக்குறைய ஆறு கிழமைகளின் பின்னர், மே 4 ஆம் திகதி, முதற்படியாகச் சில தொழில்களைத் திறக்க மாகாண அரசு அனுமதித்தது. புல்வெட்டுதல், தோட்டவேலை, வாசலில் வைத்துப் பொருளைக் கொடுக்கும் நாற்றுக்கடைகள், கார் கழுவும் இடங்கள், மேலும் சில கட்டிட வேலைகள் என்பன அதில் அடங்கின. அநேகமானவை திறந்தவெளித் தொழில்கள்.

அந்தக் கிழமை எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் ஸ்காபரோவில் வசிக்கும் ஒரு குடும்பஸ்தர். (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"டொக்டர், முதலாளி வேலைக்கு வரச் சொல்லுறார். போகலாமோ?"

"என்ன வேலை?"

"புல்லு வெட்டுறது, கல்லுப் பதிக்கிறது. எல்லாம் வெளியிலைதான்."

"அப்ப பயப்பிடத் தேவையில்லை. ஆறடி தள்ளி நில்லுங்கோ, கையைக் கழுவுங்கோ."

நான்கு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. அன்று எனக்கு முப்பதுக்கு மேற்பட்ட அழைப்புகள். அடுத்தவருக்குப் போய்விட்டேன்.

மே முடிவதற்குள் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பிறகு மனைவிக்கு, இரண்டு பிள்ளைகளுக்கு, கடைசியாக அவர்களோடு இருந்த தகப்பனாருக்கு. ஐயாவுக்கு 74 வயது. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் இருந்தன. யூன் நடுப்பகுதியில் வைத்தியசாலையில் காலமானார். தாதி ஒருவர் பிடித்திருந்த ஐபாட்டில்தான் மகன் தகப்பனின் முகத்தைக் கடைசியாகப் பார்த்தார்.

துக்கம் விசாரிக்க எடுத்தபோதுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நான் கேட்டேன்.

"வேலைக்கு எப்பிடிப் போறனீங்கள்?"

"கம்பனி வானிலை. ஏழு பேர். காலமை முக்கால் மணித்தியாலம், பின்னேரம் முக்கால் மணித்தியாலம்."

மே மாதத்துக் காலைக் குளிர். யன்னல்கள் பூட்டியபடி. முன்சீட்டில் இருந்தவருக்கு இரண்டு நாளாக இருமல். லீவு எடுத்தால் அன்றைய சம்பளம் இல்லை என்பதால் அவர் சொல்லாமல் வந்திருக்கிறார். வானில்தான் தொற்றியது என்று எவராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் அந்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு அந்தக் கிழமைகளில் நோய் வந்தது. புல்வெளியில் இருபதடிக்கு ஒருவராக நின்று வேலை செய்தவர்கள் அவர்கள்.

இதிலிருந்து நான் வந்த கருத்து இதுதான். காற்று வழியாகப் பரவும் இன்னொரு பெருந்தொற்று வந்து முடக்கநிலை வருமானால், திறந்தவெளி வேலைத்தலங்களையே முதலில் திறக்க வேண்டும். மூட வேண்டி வந்தால் கடைசியாக மூட வேண்டும். ஆனால் அந்த வேலையைச் சுற்றியுள்ள மூடிய இடங்களையும், சுகவீன நாளுக்கான சம்பளத்தையும் சரிசெய்யாமல் "வெளிவேலைதானே" என்று திறந்தால், வேலையாளின் வீட்டில் இருக்கும் வயோதிபர்தான் அதற்கு விலை கொடுப்பார்.

வெளிக்காற்று எவ்வளவு பாதுகாப்பு?

சாமி அறையில் கதவைச் சாத்திவிட்டுச் சாம்பிராணி போட்டால் ஐந்து நிமிடத்தில் கண் எரியும். அதே சாம்பிராணியை முற்றத்தில் போட்டால் பக்கத்தில் நிற்பவருக்கே மணம் கொஞ்ச நேரந்தான். நோயாளி மூச்சு விடும்போதும் பேசும்போதும் இருமும்போதும் வெளிவரும் மிகச் சிறிய துகள்களும் இப்படித்தான். மூடிய இடத்தில் அவை தங்கிச் சேரும். வெளியில் காற்று அவற்றைக் கலைத்துவிடும்.

சீனாவில் 2020 ஆம் ஆண்டின் முதல் கிழமைகளில் ஹூபே மாகாணத்துக்கு வெளியே மூன்று பேருக்கோ அதற்கு மேலோ ஒன்றாகத் தொற்றிய 318 சம்பவங்களை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அத்தனையும் மூடிய இடங்களில் நடந்தவை. அவர்கள் ஆராய்ந்த 7,324 நோயாளரில் வெளியில் தொற்றியதாகக் காணப்பட்டது ஒரே ஒரு சம்பவம், இரண்டு பேர். வேறு நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், பதிவான தொற்றுகளில் வெளியில் நடந்தவை பத்து வீதத்துக்கும் குறைவு என்றே கண்டார்கள்.

அதே சீன ஆய்வில் இன்னொரு விடயமும் இருக்கிறது. அந்த 318 சம்பவங்களில் ஏறக்குறைய 80 வீதத்தில் வீடும், 34 வீதத்தில் வாகனப் போக்குவரத்தும் சம்பந்தப்பட்டிருந்தன. (சில சம்பவங்களில் இரண்டும் இருந்ததால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டும்.) வீடும் வாகனமும். எனது நோயாளியின் கதையும் அதுவே.

அரசு செய்த சரியும் பிழையும்

2020 மே மாதத்தில் திறந்தவெளித் தொழில்களை முதலில் திறந்தது சரியான முடிவு. ஆனால் 2021 ஏப்ரலில், மூன்றாவது அலை உச்சத்தில் இருந்தபோது, அரசு தலைகீழாகப் போனது. ஏப்ரல் 16 ஆம் திகதி சிறுவர் விளையாட்டுத் திடல்கள், கொல்ஃப் மைதானங்கள், கூடைப்பந்துத் திடல்கள் எல்லாவற்றையும் மூடுவதாக அறிவித்தது. எதிர்ப்பு எழுந்ததால் அடுத்த நாளே சிறுவர் திடல்களை விட்டுவிட்டது. மற்றவை மே 22 வரை மூடியே கிடந்தன. அதே நாட்களில் ஆயிரக்கணக்கானவர்கள் தொழிற்சாலைகளிலும் களஞ்சியங்களிலும் தோளோடு தோள் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்கள். மாகாணத்தின் கொவிட் விஞ்ஞான ஆலோசனைக் குழுவில் இருந்தவர்களே வெளியிடங்களை மூடுவதை வெளிப்படையாகக் கண்டித்தார்கள். பின்னர் ரொறன்ரோ, பீல் பொதுச் சுகாதாரப் பிரிவுகள்தான், 14 நாட்களுக்குள் ஐந்து பேருக்கோ அதற்கு மேலோ தொற்றிய வேலைத்தலங்களைக் குறைந்தது பத்து நாட்களுக்கு மூட ஆணையிட்டன.

காற்றோட்டமான இடத்தைப் பூட்டிவிட்டு, காற்றில்லாத இடத்தைத் திறந்து வைத்திருந்தோம். இந்தப் பிழை மறுபடி நடக்கக்கூடாது.

வயலில் வேலை, கொட்டிலில் நோய்

"வெளியில் வேலை செய்தவர்களுக்கும் வந்ததுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். வந்தது. 2020 கோடையில் நோர்போக் கவுண்டியில் ஒரு பண்ணையில் மாத்திரம் ஏறத்தாழ 200 வெளிநாட்டுத் தொழிலாளருக்குத் தொற்றியது. அந்த வருடம் ஒன்ராறியோவின் விவசாயத் தொழிலாளர்களில் மெக்சிக்கோவில் இருந்து வந்த மூவர் இறந்தார்கள். அவர்களின் வயது 24, 31, 55. மாகாணத்தின் துணைப் பிரதம மரணவிசாரணை அதிகாரி 2021 இல் அந்த மூன்று மரணங்கள் பற்றியும் ஓர் ஆய்வு வெளியிட வேண்டி வந்தது. வயலில் வெயிலும் காற்றும் தாராளமாக இருந்தன. இரவில் அவர்கள் படுத்தது பலர் சேர்ந்திருக்கும் கொட்டில்களில். சமையலறை ஒன்று, குளியலறை ஒன்று, கட்டிலுக்கு மேல் கட்டில்.

இதை வாசித்தபோது எனக்கு 1995 ஞாபகம் வந்தது. ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்துச் சனம் முழுக்க நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தபோது நான் யாழ்ப்பாண மருத்துவ பீட மாணவன். அதன்பின் வந்த நாட்களில் பகலில் மாமரத்தடியில் வாங்குபோட்டு நோயாளரைப் பார்த்தோம். இரவில் பாடசாலை வகுப்பறை ஒன்றுக்குள் ஏழெட்டுக் குடும்பங்கள். பகல் முழுக்க வெளியில் திரிந்த பிள்ளைகளுக்கு இருமலும் சளியும் கண்நோயும் வகுப்பறைக்குள் படுத்துத்தான் வந்தன. "தனியாக இருங்கோ" என்று அவர்களுக்கு எப்படிச் சொல்வது? தனியாக இருக்க இடம் வேண்டுமே. இங்கு ஸ்காபரோவில் மூன்று தலைமுறை ஒரு கூரையின் கீழும், பேஸ்மென்ற்றில் இன்னொரு குடும்பமுமாக இருப்பவர்களுக்கு 2020 இல் அதே புத்திமதியைச் சொன்னபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

இருமலை மறைக்க வைக்கும் சம்பளம்

1999 இல் நான் அகதியாக இந்த நாட்டுக்கு வந்தபோது கையில் வைத்தியப் பட்டம் இருந்தது, தொழில் செய்யும் உரிமம் இருக்கவில்லை. அந்தக் கோடையில் ஏஜென்சி வானில் ஏறி நாற்றுப் பண்ணைக்கு வேலைக்குப் போனேன். ஒருநாள் 39 பாகை காய்ச்சலோடும் போயிருக்கிறேன். காய்ச்சல் தொற்றும் என்று தெரியாத ஆள் அல்ல நான். அந்த நாட்சம்பளம் இல்லாவிட்டால் வாடகை குறையும் என்பதும் தெரியும். ஆகவே முன்சீட்டில் இருமிக்கொண்டு வந்த அந்த மனிதர் மீது எனக்குக் கோபம் வரவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2018 இல் ஒன்ராறியோவில் வருடத்துக்கு இரண்டு நாள் சம்பளத்துடன் அவசர விடுப்பு இருந்தது. 2019 தை முதலாம் திகதியோடு அதை எடுத்துவிட்டார்கள். பெருந்தொற்று வந்தபோது சம்பளத்துடன் ஒரு நாள்கூட இல்லை. 2020 செப்டம்பர் கடைசியில் மத்திய அரசு கிழமைக்கு 500 டொலர் சுகவீனக் கொடுப்பனவு கொண்டுவந்தது. ஆனால் கிழமையில் பாதி வேலையாவது தவறினால்தான் அது கிடைக்கும். பரிசோதனைக்காக ஒன்றிரண்டு நாள் நிற்பவருக்கு ஒன்றும் இல்லை. 2021 ஏப்ரலில்தான் மாகாண அரசு மூன்று நாள், நாளொன்றுக்கு 200 டொலர் வரை என்று கொடுத்தது. அதுவும் 2023 மார்ச் 31 உடன் முடிந்துவிட்டது. ஒன்ராறியோ வேலைச் சட்டம் இன்று தருவது வருடத்துக்கு மூன்று நாள் விடுப்பு, சம்பளம் இல்லை. ஒரு சிறு நன்மை: அந்த மூன்று நாளுக்கு வைத்தியரின் துண்டு கேட்க முதலாளிக்கு 2024 ஒக்டோபர் 28 முதல் அனுமதியில்லை.

"கையில் காசு" வாங்கி வேலை செய்தவர்களுக்கு இவை எதுவும் போய்ச் சேரவில்லை. எம்மவரிடையே அப்படி எத்தனை பேர் என்பதை நாம் ஒருவருக்கொருவர் ஒளிக்கத் தேவையில்லை.

எமது முதலாளிமாருக்கு

இன்று எமது சமூகத்தில் வேலையாட்கள் மட்டும் இல்லை. கூரை வேலை, தார் போடுதல், கல்லுப் பதித்தல், பனி அள்ளுதல், உணவகம் என்று சொந்தத் தொழில் நடத்துபவர்கள் ஏராளம். சட்டம் வரும்வரை காத்திராமல் அவர்கள் செய்யக்கூடியவை இவை. கொவிட்டுக்கு மட்டுமல்ல, ஒவ்வொரு பனிக்காலமும் வரும் இன்புளுவன்சாவுக்கும் பொருந்தும்.

1. வானில் ஆட்களைக் குறையுங்கள். முடிந்தவர்கள் சொந்தக் காரில் நேரே வேலையிடத்துக்கு வரட்டும், எண்ணெய்க் காசைக் கொடுங்கள். வானில்தான் வரவேண்டும் என்றால் ஒவ்வொரு நாளும் அதே ஆட்கள், முகக்கவசத்தோடு.

2. யன்னலைத் திறவுங்கள். காரில் காற்று ஓடும் விதத்தைக் கணினியில் கணித்துப் பார்த்த பிரவுண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், நான்கு யன்னல்களும் திறந்திருப்பதே சிறந்தது என்று கண்டார்கள். குளிர் என்றால் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்றாவது திறந்திருக்கட்டும். உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றும் பொத்தானை நிறுத்துங்கள்.

3. சாப்பாடு வெளியில். வேலை நேரத்தில் தள்ளி நின்றவர்கள் சாப்பிடும்போது முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒரு சிறிய கொன்ரெயினருக்குள் முழங்கால் முட்ட இருந்தால் என்ன பயன்? ஒரு தார்ப்பாய்க் கூரையும் நாலு கதிரையும் போதும். மழைநாளில் இரண்டு பந்தியாகச் சாப்பிடலாம்.

4. தண்ணீரும் சவர்க்காரமும். வெளிவேலையிடத்தில் கழிவறையும் கைகழுவும் வசதியும் இல்லாவிட்டால், "கையைக் கழுவுங்கோ" என்பது வெறும் பேச்சு.

5. காலையில் ஒரு கேள்வி. "காய்ச்சல், இருமல், தொண்டை நோ இருக்கோ?" என்று வானில் ஏற முன்னர் தொலைபேசியில் கேளுங்கள். ஏறிய பின் கேட்டு என்ன பயன்?

6. "ஓம்" என்று சொன்னவருக்குச் சம்பளம். இது இல்லாவிட்டால் ஐந்தாவது கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்காது.

"எங்களுக்குக் கட்டுமோ டொக்டர்?" என்று ஒரு நண்பர் கேட்டார். ஐந்து பேரை வைத்து வேலை செய்பவர். கணக்குப் போட்டோம். 2025 ஒக்டோபர் முதல் இங்கு ஆகக் குறைந்த சம்பளம் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். எட்டு மணித்தியாலத்துக்கு 140.80. ஐந்து பேரும் வருடத்தில் மூன்று நாள் முழுதாக எடுத்தாலும் 2,112 டொலர். கூடச் சம்பளம் கொடுப்பவருக்கு இது இன்னும் கூடும், உண்மை. ஆனால் கோடையின் நடுவில் ஐவரும் ஒன்றாகப் படுத்து, பத்து நாள் வேலை நின்று, ஒப்பந்தம் கைவிட்டுப் போனால் எவ்வளவு என்று கேட்டேன். அவர் சிரித்தார். அடுத்த கோடையில் இருந்து இரண்டு நாள் கொடுக்கிறார். மூன்றாவது நாளுக்கு இன்னும் அவரோடு வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

உணவகங்களுக்கு ஒரு வார்த்தை

ரொறன்ரோவில் உணவகங்கள் 2020 யூன் 24 ஆம் திகதி முதல் வெளியில் மேசை போட அனுமதிக்கப்பட்டன. எமது கடைக்காரர் பலரும் கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் அடித்துக் கொத்துரொட்டி விற்றுத்தான் அந்தக் கோடையைத் தாண்டினார்கள். கூரை போட்டால் குறைந்தது இரண்டு பக்கம் முழுதாகத் திறந்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் குளிர் தொடங்கியதும் சில இடங்களில் நான்கு பக்கமும் பிளாஸ்ரிக் திரை இறங்கி, நடுவில் ஹீற்றரும் வந்தது. நான்கு பக்கமும் மூடிய கூடாரம் ஓர் அறைதான். வெளியில் நிற்பதால் மாத்திரம் அது வெளியிடம் ஆகாது. எமது பின்வளவுப் பிறந்தநாள் கூடாரங்களுக்கும் இது பொருந்தும்.

ஏன் இப்போது?

இவற்றை ஆறுதலாகப் பேசக்கூடிய காலம் இதுதான். நோய் வந்தபின் எல்லோருக்கும் பதற்றம், பிறகு எல்லோருக்கும் மறதி. 2024 ஒக்டோபருக்கும் 2025 ஒக்டோபருக்கும் இடையில் ஒன்ராறியோவில் 2,300 க்கு மேற்பட்டவர்களுக்குச் சின்னமுத்து வந்தது. ஒழிந்துவிட்டது என்று நினைத்த நோய் அது. அடுத்தது என்ன, எப்போது என்று எவருக்கும் தெரியாது. ஆனால் வான், சாப்பாட்டு அறை, நெருக்கமான வீடு, சம்பளமில்லாத லீவு ஆகிய நான்கும் அன்று இருந்தபடியே இன்றும் இருக்கின்றன.

ஆகவே வாசகர்களிடம் மூன்று வேண்டுகோள். தொழில் நடத்துபவர்கள் மேலே சொன்ன ஆறில் இரண்டையாவது இந்த வருடம் தொடங்குங்கள். வேலைக்குப் போகிறவர்கள் இருமலை மறைக்காதீர்கள். மறைக்கத்தான் வேண்டியிருக்கிறது என்றால் வைத்தியரிடமாவது சொல்லுங்கள், வழி பார்க்கலாம். வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருபவரிடம், எந்தக் கட்சியானாலும், "சம்பளத்துடன் சுகவீன விடுப்பு எத்தனை நாள் தருவீர்கள்?" என்று கேளுங்கள். எமது சங்க மண்டபத்துக்குப் பொங்கலுக்கு வரும் அரசியல்வாதிகளிடம் பொன்னாடை போர்த்த முன்னர் இதைக் கேட்டால் இன்னும் நல்லது.

எனது பங்குக்கு நானும் ஒரு பழக்கத்தை மாற்றியிருக்கிறேன். "என்ன வேலை?" என்று கேட்டபின், "எப்படிப் போறனீங்கள்? ஆரோடை சாப்பிடுறனீங்கள்? வீட்டிலை வயதானவை ஆர்?" என்றும் கேட்கிறேன். ஒரு நிமிடந்தான் கூடுதலாகப் போகிறது. அன்று அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை.

அந்த ஐயாவின் மகன் இப்போதும் என்னிடம்தான் வருகிறார். இப்போதும் அதே வேலைதான், ஆனால் தன் காரில் போகிறார். போன வைகாசியில் வந்தபோது, நான் கேட்க முன்னரே சொன்னார்: "யன்னல் திறந்துதான் டொக்டர்."

சிந்திப்போம், செயற்படுவோம்.